பென்சிலில் எழுதிய நான்கு நாட்கள்

சென்ற மாதம் ஓர் இரவு, மணி பதினொன்று இருக்கும், தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் அவளுடைய ஐந்து வாரக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. “அக்கா, உன் பையன் இப்படி அழுதப்போ முதுகெலும்பை அழுத்திச் சரி பண்றவர்கிட்ட கூட்டிட்டுப் போனியே, அதே மாதிரி கைரோபிராக்டர் இங்கேயும் ஒருத்தர் இருக்காராம். நாளைக்கே போயிடட்டுமா?” என்று கேட்டாள். ஆறு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. கோலிக், அதாவது காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் அழுகிற, குழந்தையோடு அல்லாடுகிற யாரைப் பார்த்தாலும், அவர்கள் கேட்காவிட்டாலும்கூட, “கைரோபிராக்டரிடம் காட்டுங்கள், எங்களுக்கு இரண்டே முறையில் சரியாகிவிட்டது” என்று சொல்லிவந்திருக்கிறேன். ஏழெட்டுப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அன்றிரவு மட்டும் அந்தப் பதில் வாய்க்கு வரவில்லை. கேட்டவள் என் தங்கை. பிறந்த அன்றே நான் கையில் ஏந்திய குழந்தையின் கழுத்தில் முன்பின் தெரியாத ஒருவரை விரல் வைக்கச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. “காலையில சொல்றேன், இரு” என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், இத்தனை பேருக்குச் சொன்ன பதிலை ஒரு முறைகூட நான் சரிபார்த்ததில்லை என்பது உறைத்தது.

என் மகனுக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கியது. மாலை ஆறு, ஆறரைக்கு உதடு கோணும். பிறகு இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கி, கட்டைவிரல் உள்ளே போகும்படி கைகளை இறுக்கிக்கொண்டு, முகம் செங்கல் நிறமாகும்வரை அழுவான். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். தோளில் போட்டுத் தட்டினால் ஒரு நிமிடம் அடங்கி, நாங்கள் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் தொடங்குவான். ஒன்பதரை, பத்து மணிக்கு, ஏன் தொடங்கியது என்று தெரியாததைப் போலவே ஏன் நின்றது என்றும் தெரியாமல், அழுகை நிற்கும். பகலில் அதே குழந்தை நன்றாகப் பால் குடித்தான், தூங்கினான், எடை கூடினான். 1954-இல் வெசல் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த மூன்றின் விதி அவனுக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியது: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல். ஓர் இரவு அவனைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, அறைக்கு வெளியே கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். அவனை இன்னும் ஒரு நொடி கையில் வைத்திருந்தால் என்ன செய்துவிடுவேனோ என்ற பயம் அப்போது எனக்கு இருந்தது. அப்படிக் கிடத்திவிட்டு விலகி நிற்பதைத்தான் மருத்துவர்களே சொல்கிறார்கள் என்பதும், கைக்குழந்தைகளைப் பெரியவர்கள் பிடித்துக் குலுக்கி மூளையில் காயம் ஏற்படும் சம்பவங்களில் ஓயாத அழுகையே மிகுதியான தூண்டுதல் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

குழந்தை மருத்துவர் எடை பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். காய்ச்சல், வாந்தி, மலத்தில் ரத்தம் உண்டா என்று கேட்டார். “எல்லாம் சரியாக இருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் தானே நின்றுவிடும்” என்றார். எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால், “தானே நின்றுவிடும்” என்ற சொல்லை ஆறு வாரக் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்பவருக்கு, இன்னும் ஐம்பது அறுபது மாலைப் பொழுதுகள் பாக்கியிருக்கின்றன என்றுதான் காதில் விழும். கிரைப் வாட்டர் கொடுத்துப் பார்த்தோம். வாயுவுக்கான சிமெத்திகோன் சொட்டு மருந்தும் கொடுத்தோம். சோதனைகளில் அது மருந்துப்போலியைவிட, அதாவது மருந்தே கலக்காத போலிச் சொட்டைவிட, மேலானதாக நிரூபணமாகவில்லை, எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கைரோபிராக்டரின் அறை அமைதியாக இருந்தது. அவர் எங்களுக்காக முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். பிரசவம் எத்தனை மணி நேரம் நீடித்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எந்தப் பக்கம் பால் குடிக்கச் சிரமப்படுகிறான், நான் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு, பிரசவ அழுத்தத்தில் கழுத்தின் மேல் மூட்டு சற்று நகர்ந்திருப்பதாகவும், அது நரம்பை உறுத்துவதால் குடல் சரியாக இயங்கவில்லை என்றும் விளக்கினார். பெரியவர்களுக்குச் செய்வதைப் போல வெட்டித் திருப்பவோ மூட்டில் ‘டக்’கென்று ஓசை எழுப்பவோ இல்லை. மூடிய இமையை அழுத்தும் அளவுக்கு, ஒரே ஒரு விரல் நுனியால், காதுக்குக் கீழே சில நொடிகள் தொட்டுக்கொண்டிருந்தார். மகன் கொட்டாவி விட்டான். வீடு திரும்பும் வழியெல்லாம் தூங்கினான். நான்கு நாள் கழித்து இரண்டாவது முறை போனோம். அதற்கடுத்த வாரம் மாலைகள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தன. நான் கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பேன்?

கதவுக்கு அந்தப் பக்கம்

தங்கை அழைத்த இரவு தூங்கவில்லை. அவர் சொன்ன விளக்கத்திலிருந்து தொடங்கினேன். எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துவதே நோய்க்குக் காரணம் என்ற கருத்து 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி.பாமர் என்பவரிடமிருந்து வருகிறது. காது கேளாத ஒருவரின் முதுகெலும்பைச் சரிசெய்து கேட்கவைத்ததாக அவர் சொன்னதுதான் இந்த முறையின் தொடக்கக் கதை. அந்த நகர்வுக்குக் கைரோபிராக்டர்கள் வைத்த பெயர் சப்லக்சேஷன். மருத்துவத்திலும் இதே சொல் உண்டு. அங்கே அது மூட்டு பாதி விலகியிருப்பதைக் குறிக்கும், எக்ஸ்ரேயில் பார்க்கலாம். பாமர் வழிவந்த சப்லக்சேஷனுக்கு அப்படிக் காட்டும்படியான உருவம் எதுவும் இல்லை. இதைச் சொல்பவர்கள் எதிராளிகள் மட்டுமல்லர். பிரிட்டனில் கைரோபிராக்டர்களுக்கு உரிமம் வழங்கும் பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல், இது ஒரு வரலாற்றுக் கருத்து, நோய்க்குக் காரணம் என்று சொல்லும் அளவுக்கு இதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று எழுதிவைத்தது. அதே ஆண்டில்தான் அங்கே ஒரு வழக்கும் முடிவுக்கு வந்தது. கோலிக், காது தொற்று, ஆஸ்துமா போன்ற குழந்தை நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் கைரோபிராக்டர்களைக் கண்டித்து அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் 2008-இல் ஒரு நாளிதழில் எழுதியிருந்தார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்து, இரண்டு ஆண்டுகள் இழுத்து, மேல்முறையீட்டில் அவர் பக்கம் தீர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆனால் விளக்கம் தவறாக இருப்பதாலேயே சிகிச்சை பயனற்றது என்று ஆகிவிடாது. காரணம் தெரியாமலே பலன் தந்த மருந்துகள் எத்தனையோ உண்டு. எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான்: குழந்தைகள் குறைவாக அழுகிறார்களா, இல்லையா?

அதற்கு 2001-இல் நார்வேயிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று கிடைத்தது. கோலிக் உள்ள 100 குழந்தைகளைச் சேர்த்தார்கள். பெற்றோர் வெளியே காத்திருக்க, செவிலியர் குழந்தையை அறைக்குள் எடுத்துச் செல்வார், கதவு சாத்தப்படும். உள்ளே பாதிக் குழந்தைகளுக்குக் கைரோபிராக்டர் முதுகெலும்பில் சிகிச்சை செய்தார். மற்றப் பாதிக் குழந்தைகளைச் செவிலியர் பத்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பிறகு குழந்தை பெற்றோரிடம் திரும்பிவரும். எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. முடிவில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம் இருப்பதாகப் பெற்றோர் சொன்னார்கள். வெறுமனே கையில் வைத்திருந்த குழந்தைகளில் 60 விழுக்காடு. இத்தனை சிறிய எண்ணிக்கையில் இந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. என்னை உலுக்கியது அந்த 60 தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே நடக்காத குழந்தைகளின் தாய்மார்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், என்னைப் போலவே, தங்கள் கண்ணால் முன்னேற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

பிறகு வந்தவற்றையும் படித்தேன். 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, கைரோபிராக்டிக் உட்படக் கையால் செய்யும் சிகிச்சைகளைப் பற்றிய 6 சோதனைகளை, 325 குழந்தைகளின் விவரங்களோடு, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தால் அழுகை குறைந்ததாகவே தெரிந்தது. ஆனால் பெரும்பாலான சோதனைகளில் தம் குழந்தைக்குச் சிகிச்சை நடந்தது பெற்றோருக்குத் தெரியும். அழும் நேரத்தைக் குறித்தவர்களும் அவர்கள்தான். பெற்றோருக்குத் தெரியாதபடி நடந்த சோதனைகளை மட்டும் எடுத்தபோது உறுதியாகச் சொல்லும்படியான பலன் மறைந்துவிட்டது. 2021-இல் டென்மார்க்கில் சுமார் 200 குழந்தைகளிடம் கவனமாக ஓர் ஆய்வு செய்தார்கள். கைரோபிராக்டிக் ஆய்விதழில் வெளியான ஆய்வு என்பதால் அதை முக்கியமாகக் கருதுகிறேன். சிகிச்சை பெற்றவர்களின் அழுகை நாளுக்கு ஒன்றரை மணி நேரம் குறைந்தது. பெறாதவர்களுக்கு ஒரு மணி நேரம் குறைந்தது. தொடக்கத்தில் இருந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும், மிஞ்சிய வித்தியாசம் தற்செயலைத் தாண்டியது என்று சொல்ல முடியவில்லை. மிகச் சிறிய பலன் ஒன்று இருக்கலாம் என்ற வாதத்துக்கு அங்கே இடமிருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் “இரண்டே முறையில் சரியாகிவிட்டது” என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னதற்கு எங்கேயும் இடமில்லை.

நோட்டு

விடியற்காலை நாலு மணிக்கு அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். தடுப்பூசி அட்டையோடும் மருத்துவமனையில் கையில் கட்டிய பெயர்ப் பட்டையோடும் அது ஒரே உறையில் இருந்தது. ஆறு ஆண்டுகளில் ஒரு முறையும் திறந்ததில்லை.

முதல் பக்கங்கள் என் கையெழுத்து, நீல மை. “6.20 தொடங்கியது, 7.15 பால், 7.20 மறுபடி, 9.50 நின்றது” என்ற மாதிரி வரிகள். ஒவ்வொரு நாளின் அடியிலும் மொத்தத்தைக் கூட்டி வட்டமிட்டிருந்தேன். 44-ஆம் நாள் வட்டத்துக்குள் 4 மணி 50 நிமிடம். நோட்டிலேயே பெரிய எண் அதுதான். அதன் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண். மறுநாள் காலையில் கைரோபிராக்டரிடம் நேரம் கேட்டு நான்தான் எழுதிவைத்திருக்கிறேன். 50-ஆம் நாளுக்குத்தான் நேரம் கிடைத்திருந்தது. இடையில் 46-இலிருந்து 49 வரையிலான நான்கு நாட்களும் பென்சிலில், என் கணவரின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. அந்த வாரம் அவர் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு மாலைகளில் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நான் பக்கத்து அறையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினேன். அவர் நேரங்களைக் குறித்திருந்தார், மொத்தத்தைக் கூட்டவில்லை. அந்த விடியற்காலையில் நான் கூட்டினேன். 3 மணி 50 நிமிடம். 3 மணி 30. 3 மணி 35. 3 மணி 5.

நான்கு வரிகளையும் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். அழுகை இறங்கத் தொடங்கியிருந்தது. யாரும் அவன் கழுத்தைத் தொடுவதற்கு முன்பே, நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே இறங்கியிருந்தது. 50-ஆம் நாள், சிகிச்சை முடிந்து வந்த மாலை, மறுபடியும் என் நீல மையில் 2 மணி 40 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருந்தது இரண்டேமுக்காலுக்கும் கீழே வந்துவிட்டதாக அன்று நான் கண்டது உண்மைதான். நடுவில் இருந்த படிகளைத்தான் நான் பார்க்கவில்லை.

அதைவிட எனக்கு உறுத்தியது அடுத்த பக்கங்கள். 51-ஆம் நாளுக்குப் பிறகு நேரங்களே இல்லை. “இன்று பரவாயில்லை.” “நல்ல மாற்றம்.” “கொஞ்சம் அழுதான், ஆனால் பழைய மாதிரி இல்லை.” வட்டங்கள் நின்றுபோயிருந்தன. சிகிச்சை நடந்தது என்று தெரிந்த கணத்திலேயே நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் நம்பிக்கையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பெற்றோருக்குத் தெரியாமல் ஏன் சோதிக்கிறார்கள் என்று ஆய்வுக் கட்டுரைகளில் படித்தபோது அது எனக்கு வேறு யாருக்கோ உரிய முன்னெச்சரிக்கையாகப் பட்டது. அந்தக் காரணம் என் கையெழுத்திலேயே, என் வீட்டு அலமாரியிலேயே ஆறு ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

அந்தப் படிகள் எனக்கு மட்டும் நேர்ந்தவை அல்ல. 1962-இல் பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் தாய்மார்களை இதே போலக் குறிக்கச் சொல்லித் தொகுத்தார். கோலிக் என்று சொல்லப்படாத, நலமான குழந்தைகள்கூட ஆறாவது வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய இரண்டேமுக்கால் மணி நேரம் அழுகிறார்கள், பிறகு குறைகிறது என்று அவர் காட்டினார். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் வெளியான தொகுப்பு, முதல் ஆறு வாரங்களில் 17 முதல் 25 விழுக்காடு குழந்தைகளுக்கு இருக்கும் கோலிக், பத்து முதல் பன்னிரண்டாம் வாரத்தில் 0.6 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது என்கிறது. எந்தப் பெற்றோரும் நல்ல நாளில் உதவி தேடிப் போவதில்லை. மிக மோசமான இரவுக்கு மறுநாள் காலையில்தான் தொலைபேசியை எடுக்கிறோம். ஆறாவது, ஏழாவது வாரத்தில் அப்படி எடுத்த பிறகு எதைச் செய்திருந்தாலும், எதையும் செய்யாமலே இருந்திருந்தாலும், அடுத்து வரும் நாட்கள் பெரும்பாலும் முன்னைவிட நல்லவையாகவே இருக்கும். என் மகன் ஏழு வாரக் குழந்தையாக இருந்ததால் குணப்படுத்திய பெயர் கைரோபிராக்டருக்குப் போயிற்று.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், மெதுவாகத் தொடுவதில் என்ன கெடுதல் என்று நானே பல முறை வாதாடியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரக் குழந்தை ஒன்றைக் கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சிகிச்சை செய்யும் காணொளி வெளியாகி, 2019-இல் இரண்டு வயதுக்குக் கீழே முதுகெலும்பைக் கையாளக் கூடாது என்று அந்நாட்டின் கைரோபிராக்டிக் வாரியமே தடை விதித்தது. 2023-இல் தளர்த்தி, சுகாதார அமைச்சர்கள் கண்டித்த பிறகு 2024-இல் மறுபடியும் விதித்தது. 2019-இல் அந்தத் தடையை ஒட்டி நடந்த ஆய்வில் கடுமையான பாதிப்பு நேர்ந்ததற்கான பதிவுகள் மிகக் குறைவாகவே கிடைத்தன; பலனுக்கான சான்றும் மிகப் பலவீனமாக இருந்தது. என் மகனுக்கு நடந்ததைப் போன்ற விரல்நுனித் தொடுதல் அவனுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. எனக்குள்ள கவலை வேறு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, இறங்கி மாட்டிக்கொண்ட குடல், கால் விரலைச் சுற்றி இறுகிய ஒற்றைத் தலைமுடி, இவையும் அழுகையாகத்தான் முதலில் தெரியும். அழுகைக்குக் கழுத்தெலும்பே காரணம் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டால், பெற்றோர் வேறெங்கும் தேட மாட்டார்கள். நாங்கள் தேடியிருக்க மாட்டோம். முதலில் குழந்தை மருத்துவரிடம் போயிருந்தது எங்கள் நல்ல காலம். நான் பரிந்துரை செய்த ஏழெட்டுப் பேரிடம் அதைக்கூட நான் அழுத்திச் சொன்னதாக நினைவில்லை.

அந்தக் கைரோபிராக்டர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் தம் விளக்கத்தை நம்பினார் என்றே நினைக்கிறேன், எங்களிடம் அன்பாகவும் இருந்தார். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு உதவியது. கணவர் விடுப்பு எடுத்த அந்த வாரம் அதைவிட அதிகமாக உதவியது. ஆனால் அதற்கு ஒரு பெயர் இல்லை, கட்டணம் இல்லை, அதனால் ஆறு ஆண்டுகளாக யாரிடமும் நான் அதைச் சொன்னதே இல்லை.

காலை எட்டு மணிக்குத் தங்கையை அழைத்தேன். “அங்க போகவேண்டாம்மா. நான் சொன்னது தப்பு” என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். “அப்ப நான் என்னதான்க்கா பண்றது?” என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. ஒரு நம்பிக்கையைப் பறித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. குழந்தையின் எடை கூடியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, வாந்தியின் நிறம் என்ன என்று கேட்டேன். அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை முழுதாகக் காட்டிவிடச் சொன்னேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை என்பதால், லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி என்ற நல்ல பாக்டீரியா சொட்டு மருந்து தரலாமா என்று அவரிடமே கேட்கும்படி சொன்னேன். அப்படிப்பட்ட குழந்தைகளிடம் அழுகை ஓரளவு குறைவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிறகு, “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றேன், ஞாயிறு வரைக்கும் இருக்கேன்” என்றேன்.

மருத்துவர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லியிருந்தார். நான் போன அன்று மாலை ஏழு மணிக்குக் குழந்தையின் உதடு கோணத் தொடங்கியது. தங்கையை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினேன். போக மறுத்தாள், பிறகு போனாள். சமையலறை மேடையில் அவளுக்காக வாங்கிவந்திருந்த புது நோட்டைத் திறந்து 7.10 என்று எழுதிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பதினோரு அடி. கால்களை மடக்கி என் விலாவில் உதைத்தாள், முகம் சிவந்தது, நடுவில் ஒரு முறை பால் கொடுக்கத் தங்கையை எழுப்பலாமா என்று கதவுவரை போய்த் திரும்பினேன். எட்டரை மணிக்குத் தங்கையின் கணவர் வந்து வாங்கிக்கொண்டார், பிறகு மறுபடியும் நான். 9.25-க்குக் குழந்தையின் கைவிரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பென்சிலால் நேரத்தைக் குறித்து, 2 மணி 15 நிமிடம் என்று கூட்டி வட்டமிட்டேன். உள்ளறைக் கதவு சாத்தியபடியே இருந்தது.